கன்னத்தின் உட்புறம்



இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையிலிருந்து என்னை அழைக்க வந்த அன்பர்கள், நம் வழக்கப்படி தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம் வைத்து அழைப்பிதழைக் கொடுத்தார்கள். வாய்நோய் பார்க்கிறவனுக்குப் பாக்கு வைத்து அழைப்பு! சிரித்துக்கொண்டே இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். பாக்கு தட்டில் இருக்கும்வரை எனக்கும் அதற்கும் வழக்கு ஒன்றும் இல்லை. கன்னத்துக்குள் போய்க் குடியிருக்கத் தொடங்கும்போதுதான் சண்டை.

அழைப்பிதழில் ‘மேலணி இழைய உயிரியல்’ என்று அச்சிட்டிருக்கிறது. பாடசாலையில் விஞ்ஞானம் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். தோலின் மேற்புறத்தையும், வாய், தொண்டை, குடல், சுவாசப்பாதை, சிறுநீர்ப்பை ஆகியவற்றின் உட்புறத்தையும் மூடியிருக்கும் கலங்களின் விரிப்பு அது. மனிதருக்கு வரும் புற்றுநோய்களில் பத்துக்கு எட்டு, ஒன்பது இந்த விரிப்பில்தான் பிறக்கின்றன. உலகத்தின் பெரிய ஆய்வுகூடங்கள் பல இதன் பின்னாலேயே நிற்பதற்கு அதுதான் காரணம். எனக்குக் கிடைத்திருக்கும் நேரத்தில் உடம்பு முழுவதையும் சுற்றிக் காட்ட முடியாது. கன்னத்தின் உட்புறத்தில், கடைவாய்ப் பல்லுக்கு எதிரே, நாக்கு நுனி தொடக்கூடிய ஓர் இடத்தில் மட்டும் நிற்கப் போகிறேன். சப்ரகமுவ மாகாணத்தில் பேசுகிறவனுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

ஏன் என்று சொல்கிறேன். 2010ஆம் ஆண்டில் ஹேமந்த அமரசிங்க, நியூவெல் ஜோன்சன், சமன் வர்ணகுலசூரிய முதலியோர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இந்த மாகாணத்தில் 30 வயதைக் கடந்த 1,029 பேரை நேரில் விசாரித்து, அவர்களுடைய வாயைத் திறந்து பார்த்து எழுதியது. பின்னாளில் புற்றாக மாறக்கூடிய ஏதாவது ஒரு மாற்றம் வாயில் இருந்தவர்கள் நூற்றுக்கு 11.3 பேர் என்று கணக்கிட்டார்கள். வெள்ளைப் படலம், சிவப்புப் படலம், வாய் இறுகிப்போகும் நோய் எல்லாம் இதில் அடங்கும். தினமும் வெற்றிலை போடுகிறவர்களுக்கு இந்த ஆபத்து போடாதவர்களைவிடப் பத்து மடங்குக்கு மேல். வெற்றிலை போடுவது அறவே இல்லாதிருந்தால், இந்த மாற்றங்களில் நூற்றுக்கு 84 வந்தே இருக்காது என்பதும் அவர்களின் கணிப்பு. பொயிலை சேர்க்காமல் போடுகிறவர்களும் இதில் தப்பவில்லை. இதைத் தோட்டத்தில் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. “நான் பொயில போடறதில்லீங்களே, வெறும் பாக்குதானே” என்று சொல்லித் தப்பிக்கிறவர்களை வாரம் தவறாமல் பார்க்கிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் பிரான்சின் லியோன் நகரத்தில் இயங்கும் புற்றுநோய் ஆய்வு முகவரகம், பாக்கு தனியாகவே மனிதருக்குப் புற்றை உண்டாக்கும் என்று 2004இல் வெளியிட்ட தன் 85ஆவது தொகுதியில் தீர்ப்பெழுதிவிட்டது. புகையிலைக்கும் கல்நாருக்கும் எந்த வரிசையில் இடம் கொடுத்திருக்கிறார்களோ அதே முதல் வரிசை. கேகாலைப் பக்கம் வேலிக்கு வேலி நிற்கும் கமுகு மரத்தை அந்தத் தீர்ப்பு ஒன்றும் செய்யவில்லை. அது பாட்டுக்குக் காய்த்துக்கொண்டிருக்கிறது.

இப்போது அந்த விரிப்பைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். கன்னத்தின் உள்தோல் ஏறக்குறைய அரை மில்லிமீற்றர் கனம். அடுக்கடுக்காகக் கலங்கள். அடியில் இருக்கும் ஒரே ஒரு வரிசைதான் பிரிந்து பெருகும். பிறந்த கலங்கள் மேலே தள்ளப்பட்டு, தட்டையாகி, கடைசியில் எச்சிலோடு உதிர்ந்து போகின்றன. அடியிலிருந்து உச்சிக்கு வர ஏறத்தாழ இரண்டு வாரம். நீங்கள் இன்று பேசிக்கொண்டிருக்கும் வாய், தைப்பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல் தின்ற வாய் அல்ல. இந்த விரிப்புக்குள் இரத்தக் குழாய் கிடையாது. சோறு தண்ணீர் எல்லாம் அடியிலிருக்கும் தொடுப்பிழையத்திலிருந்துதான் கசிந்து ஏற வேண்டும். இரண்டுக்கும் நடுவில் மெல்லிய ஒரு சவ்வு.

எட்டியாந்தோட்டை, தெஹியோவிட்டப் பக்கத்து இறப்பர் தோட்டங்களிலிருந்து வந்தவர்களுக்கு இதை எளிதாக விளக்கலாம். பால் வெட்டுகிறவர் பட்டையைச் சீவும்போது உள்ளே மரத்தை ஒட்டியிருக்கும் மாறிழையத்தில் கத்தி படக் கூடாது. பட்டால் அந்த இடத்தில் முண்டு முண்டாகக் காய்ப்புக் கட்டும். மறுபடி ஒழுங்கான பட்டை வராது. படாமல் வெட்டினால், எத்தனை தடவை சீவினாலும் சில வருடங்களில் பட்டை புதிதாக வந்துவிடும். பால் மிகுதியாக இருப்பதோ அந்த மாறிழையத்துக்கு மிக அருகில். அதை நெருங்கவும் வேண்டும், தொடவும் கூடாது. கன்னத்தில் அந்த அடிவரிசைக் கலங்கள்தான் மாறிழையம். மேலடுக்கை மிளகாய் சுடட்டும், பல் கடிக்கட்டும், இரண்டு வாரத்தில் சரியாகிவிடும். அடிவரிசையையும் அது நின்றிருக்கும் நிலத்தையும் ஒரு பொருள் ஆண்டுக்கணக்காக நனைத்துக்கொண்டே இருந்தால் கதை வேறு.

அந்த நனைவு எப்படி நடக்கிறது என்பதைத்தான் நம் ஆய்வாளர்கள் சரியாகப் பார்ப்பதில்லை என்பது என் குறை. இன்றைய பேச்சின் சாரமே அதுதான்.

காவத்தைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்தெடுக்கும் ஓர் அம்மா. வயது ஐம்பதுக்கு மேல். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் புறப்படுமுன் ரொட்டியும் தேத்தண்ணியும். சம்பல் இல்லை, காரம் பட்டால் வாய் எரியும் என்று வருடக்கணக்காக விட்டுவிட்டார். ரொட்டியைத் தேத்தண்ணியில் நனைத்து, ஊறவைத்து விழுங்குகிறார். பிறகு இடுப்புப் பையிலிருந்து வெற்றிலையை எடுத்து, காம்பைக் கிள்ளி, முதுகில் சுண்ணாம்பை விரலால் ஒரு கோடு இழுத்து, நறுக்கிய பாக்கை வைத்து மடித்து வலது கன்னத்தில் ஒதுக்கிக்கொள்கிறார். கூடையின் கயிறு தலையில் ஏறியதும் இரண்டு கையும் கொழுந்துக்குப் போய்விடுகிறது. வாய் மட்டும்தான் சும்மா இருக்கிறது. மதிய நிறுவைவரை அந்த உருண்டை அங்கேயே கிடக்கும். மெல்லுவது குறைவு, ஊறுவதுதான் அதிகம். சாறு வற்றினால் அதைத் துப்பிவிட்டு இன்னொன்று. “மலையில நின்னுகிட்டு சோறா திங்க முடியும் ஐயா? இது வாயில கெடந்தா பசி தெரியாது” என்றார்.

அவரை வாய் திறக்கச் சொன்னேன். மூன்று விரலை நெட்டுக்குத்தாக மேல், கீழ் முன்பற்களுக்கு நடுவே நுழைக்க முடிய வேண்டும். அது சாதாரண வாய்க்கு நாங்கள் வைத்திருக்கும் நாட்டு அளவு. அவருக்கு ஒரு விரலும் அரையும்தான் போனது. கன்னத்தின் உட்புறம் இளஞ்சிவப்பாக இல்லாமல் வெளுத்துச் சலவைக்கல் போலிருந்தது. விரலால் தடவினால் கடைவாயிலிருந்து கீழ் நோக்கி இறுகிய நார்கள் கம்பிகளாகத் தட்டுப்பட்டன. வலப்பக்கத்தில் கூடுதலாக. “வெத்தலைய எந்தப் பக்கம் வைப்பீங்க?” என்று அதன் பிறகுதான் கேட்டேன். எந்தப் பக்கம் என்று உங்களுக்கும் தெரியும்.

இந்த நோய்க்கு வாய்ச் சளிச்சவ்வடி நார்ப்பெருக்கம் என்று பெயர். 1952இல் ஷ்வார்ட்ஸ் என்பவர் கென்யாவில் குடியிருந்த ஐந்து இந்தியப் பெண்களிடம் கண்டு எழுதினார். காரணம் தெரியாத தேய்வு என்றுதான் அவர் அதைக் குறித்தார். அடுத்த வருடம் பம்பாயில் ஜோஷி இன்றைய பெயருக்கு நெருக்கமான பெயரை வைத்தார். பிறகு டென்மார்க்கின் யென்ஸ் பின்ட்போர்க் இந்தியாவுக்கு வந்து ஆயிரக்கணக்கான வாய்களைப் பார்த்து இதைப் பாடநூலுக்குள் கொண்டுவந்தார். காரணம் மிளகாயா, சத்துக்குறைவா, பரம்பரையா, பாக்கா என்ற வாதம் நெடுங்காலம் ஓடியது. இலங்கையில் செய்து 2006இல் வெளியான ஓர் ஒப்பீட்டு ஆய்வு, வெற்றிலை போடுதல், புகைத்தல், மது மூன்றையும் எடுத்துக்கொண்டு பார்த்து, இந்த நோயோடு சேர்ந்து வருவது வெற்றிலை போடுதல் ஒன்றே என்று காட்டியது. கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் இந்த நோயுள்ள 66 பேரை 17 வருடம் விடாமல் பின்தொடர்ந்தார்கள். அவர்களில் 5 பேருக்கு வாய்ப்புற்று வந்தது. சிறிய எண்ணிக்கை என்று யாரும் நினைக்க வேண்டாம். 17 வருடம் ஒரே 66 வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டுவது என்ன பாடு என்பது வெளிக்கள வேலை செய்தவர்களுக்குத் தெரியும். தோட்டத்து மக்கள் எங்கெங்கோ பெயர்ந்துபோகும் நம் நாட்டில் அது இன்னும் கடினம்.

இனி, நாளைய கருத்தரங்குக்கு வந்திருக்கும் இளம் ஆய்வாளர்களுக்கு உரிய பகுதிக்கு வருகிறேன். பழைய பாடநூல்களில் இந்த நோயின் படம் இப்படி இருக்கும்: பாக்கிலுள்ள அரிக்கோலின் தொடுப்பிழையத்துக்குள் ஊடுருவி, நாரை உற்பத்தி செய்யும் கலங்களைத் தூண்டிவிடுகிறது, நாரின் புரதமான கொலாஜன் குவிகிறது, இரத்தக் குழாய்கள் நெருக்குண்டு மூடிக்கொள்கின்றன, மேலே இருக்கும் மேலணி பட்டினியால் மெலிந்து போகிறது. மேலணி பாவம், ஒன்றும் அறியாத பலியாள். இதில் பெரும்பகுதி உண்மைதான். அரிக்கோலின் நார்க்கலங்களைத் தூண்டுவது 1986இலேயே ஆய்வுகூடத்தில் காட்டப்பட்டது. பாக்கில் செம்புச்சத்து மிகுதி. கொலாஜன் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்துப் பூட்டுகிற லைசில் ஒக்சிடேஸ் நொதிக்குச் செம்பு தேவை. அந்த நொதி இந்த நோயாளர்களின் வாயில் கூடியிருப்பதை 1999இல் லண்டனில் வர்ணகுலசூரியவின் குழு காட்டியது. பாக்கின் துவர்ப்புக்குக் காரணமான தனின் வேறு, பூட்டிய இழைகளைக் கரைய விடாமல் காக்கிறது. தோலைப் பதனிடும் அதே வேலை.

ஆனால் 2011இல் இங்கிலாந்தில் செய்த ஓர் ஆய்வு அந்தப் பலியாள் கதையைப் புரட்டிப் போட்டது. ஆல்ஃபா-வி பீட்டா-6 என்று ஒரு புரதம் உண்டு. கலத்தின் மேற்பரப்பில் கைபோல் நீட்டிக்கொண்டிருக்கும் இன்டெக்ரின் குடும்பத்தைச் சேர்ந்தது. நலமாக இருக்கும் பெரியவரின் மேலணியில் அதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். காயம் ஆறும்போது வரும், வேலை முடிந்ததும் போய்விடும். புற்றிலும் வரும். அரிக்கோலின் பட்ட மேலணிக் கலங்கள் இந்தப் புரதத்தை மிகுதியாக வெளியே நீட்டின. அது என்ன செய்கிறது? தொடுப்பிழையத்தில் உறங்கிக் கிடக்கும் டிஜிஎஃப்-பீட்டா என்ற வளர்ச்சிக் காரணியை எழுப்பிவிடுகிறது. அது எழுந்தால் நார்க்கலங்கள் வெறிபிடித்தாற்போல் கொலாஜனைக் கொட்டும். பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் பட்டுரு கொண்டய்யாவின் குழுவும் இதே பக்கத்தில் நடந்தது: பாக்குச் சாறு பட்ட மேலணிக் கலங்களே டிஜிஎஃப்-பீட்டாவைச் சுரந்து, கீழே உள்ளவர்களை ஏவுகின்றன என்று காட்டினார்கள். ஆக, பாக்கின் சேதியை முதலில் கேட்கிறதும் கீழே அறிவிக்கிறதும் மேலணிதான். தானே ஏவி வரவழைத்த நாரால் தானே பட்டினி கிடக்கிறது. எனக்குத் தெரிந்த மேலணிக் கதைகளில் இதைவிட விபரீதமானது இல்லை.

இது மிக அழகான விஞ்ஞானம். இங்கேதான் என் குறையைச் சொல்ல வேண்டும்.

இந்த வகை ஆய்வுக் கட்டுரைகளின் செய்முறைப் பகுதியை எடுத்து வாசியுங்கள். பிளாஸ்டிக் தட்டில் வளர்த்த கலங்கள் மேல் அரிக்கோலின் ஊற்றி 24 மணி நேரம், 48 மணி நேரம், மிஞ்சிப் போனால் 72 மணி நேரம் என்று இருக்கும். எங்கள் காவத்தை அம்மாவின் கன்னம் முப்பது வருடமாக நனைகிறது. இரவில் ஓய்வு, ஞாயிறு ஓய்வு, மழைக்காலத்தில் கூடுதல். எந்தத் தட்டில் இந்தக் காலக்கணக்கு வருகிறது? எச்சிலில் கரையும் அரிக்கோலினின் அளவு ஆளுக்கு ஆள் பல மடங்கு வேறுபடுகிறது என்பது அளந்து கண்ட உண்மை. சுண்ணாம்பு சேர்ந்தால் அரிக்கோலினில் ஒரு பகுதி அரிக்கைடினாக மாறிவிடுகிறது. தட்டில் சுண்ணாம்பு எங்கே? கலங்களின் கதை இன்னும் வேடிக்கை. உலகம் முழுவதும் மேலணி ஆய்வில் புழங்கும் ஹாகாட் என்ற கலவரிசை 1988இல் ஜேர்மனியில் உருவாக்கப்பட்டது. ஒரு முதியவரின் தோலிலிருந்து வந்தது. தோல், வாயல்ல. தோலின் மேலணி உலர்ந்து, கெரட்டின் என்ற கடினப் புரதம் கட்டும். கன்னத்தின் மேலணி ஈரமாக, கெரட்டின் கட்டாமல் இருக்கும். கன்னம் கெரட்டின் கட்டத் தொடங்கினால் அதையே நாங்கள் வெள்ளைப் படலம் என்று நோயாக எழுதுகிறோம். பாக்கு ஆய்விலும் இந்தத் தோல் கலங்களைப் பயன்படுத்துகிறார்கள். கையில் இருப்பதைக் கொண்டு வேலை செய்வதில் தப்பில்லை; கையில் இருப்பது என்னவென்று மறந்துபோவதுதான் தப்பு.

வேறு வழி இல்லையா என்றால், உண்டு. 1975இல் ரைன்வால்டும் கிறீனும் மனித மேலணிக் கலங்களை, எலியின் கலப் படுக்கையொன்றின் மேல், பல தலைமுறை வளர்க்கலாம் என்று காட்டினார்கள். தீக்காயம் பட்டவர்களுக்குச் சொந்தத் தோலை வளர்த்து ஒட்டும் சிகிச்சை அதிலிருந்து பிறந்ததுதான். தனக்கு அடியில் சரியான துணை இருந்தால்தான் மேலணி ஒழுங்காக நடந்துகொள்ளும் என்பதும் அன்றைக்கே தெரிந்துபோயிற்று. இன்று கன்னத்து மேலணியையும் அடியிழையத்தையும் சேர்த்து அடுக்கி, மேற்புறம் காற்றுப்பட வளர்க்க முடிகிறது. நோயாளியின் சொந்தக் கலங்களிலேயே செய்யலாம். அப்படி அடுக்கியதன் மேல் பாக்குச் சாற்றைக் காலை ஊற்றி மதியம் கழுவி, மறுபடி ஊற்றி, இரவு விட்டுவிட்டு, மாதக்கணக்கில் ஒரு கொழுந்துக்காரியின் நாளைப் போல் நடத்திப் பாருங்கள். அதற்கு முதலில் அவருடைய நாள் எப்படிப் போகிறது என்று தெரிய வேண்டும். ஒரு வாய் வெற்றிலை எத்தனை நிமிடம்? எந்தப் பக்கம்? பச்சைப் பாக்கா, காய்ந்ததா? சாற்றை விழுங்குகிறாரா, துப்புகிறாரா? வாயில் வைத்துக்கொண்டே தூங்குகிறாரா? கடைசிக் கேள்வியைத் தவறாமல் கேளுங்கள். கேட்டால் பலர் வெட்கத்தோடு சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பே பதில்.

ஆய்வுக்காக நோயாளரின் வாயிலிருந்து எடுக்கும் திசுவின் கதைக்கும் வர வேண்டும். 2011இல் லண்டனிலிருந்து இன்னொரு கட்டுரை வந்தது. இந்த நோயாளரின் வாயிலிருந்து எடுத்து வளர்த்த நார்க்கலங்களில், பிரிவதை நிறுத்திவிட்ட முதிர்ந்த கலங்கள் மிகுதியாகச் சேர்ந்திருப்பதைக் காட்டியது. அந்த முதிர்ந்த கலங்கள் சும்மா கிடக்கவில்லை. கொலாஜனை அறுக்கும் நொதிகளைச் சுரக்கின்றன. நாரைக் குறைக்க உடம்பு செய்யும் முயற்சி போலும் அது. அதே அறுக்கும் நொதி நாளைக்குப் புற்றுக்கலம் கீழே இறங்கவும் வழி வெட்டிக் கொடுக்குமோ என்ற சந்தேகம் அதற்குப் பிறகு எழுந்தது, இன்னும் தீரவில்லை. அந்த ஆய்வுக்கான திசு நம் நாட்டு நோயாளரின் வாயிலிருந்து போனது. இப்படிப்பட்ட கட்டுரைகள் பலவற்றில் பேராதனைப் பல் வைத்திய பீடத்தில் பேராசிரியராக இருந்த டபிள்யூ.எம். திலகரத்னவின் பெயரைப் பார்க்கலாம். திசு போவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. போகாவிட்டால் அறிவும் வராது. தன் கன்னத்திலிருந்து ஒரு துண்டைக் கொடுத்த அம்மாவுக்கு அந்தக் கட்டுரையின் பயன் எந்த வழியில் திரும்பி வரும் என்று யாராவது கேட்டார்களா என்பதுதான் என் கேள்வி. சம்மதப் படிவத்தைத் தமிழில் அடித்து, கைநாட்டு வாங்கி, கோப்பில் வைத்துவிடுகிறோம். லயத்து வாசலில் உட்கார்ந்து அதை வாசித்துக் காட்டி, “இதுல என்னா வெளங்கிச்சு, சொல்லுங்க அக்கா” என்று திருப்பிக் கேட்பவர்கள் குறைவு.

ஆய்வின் பயன் மக்களிடம் திரும்பி வருவது எவ்வளவு கடினம் என்பதற்குப் பழைய கணக்கொன்று உண்டு. 1980களின் தொடக்கத்தில் மத்திய மாகாணத்தில் வர்ணகுலசூரியவும் கூட்டாளிகளும் 34 சுகாதார ஊழியர்களுக்கு வாய் பார்க்கச் சிறு பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் ஒரே வருடத்தில் 28,295 பேரின் வாயைப் பார்த்து, 1,220 பேரை மேல்பரிசோதனைக்கு அனுப்பினார்கள். வந்தவர்களை நிபுணர்கள் பார்த்தபோது பெரும்பாலும் ஊழியர்கள் சொன்னது சரியாகவே இருந்தது, நூற்றுக்கு 89. மருத்துவர் அல்லாதவர்களின் கண் இவ்வளவு சரியாகப் பார்த்தது பெரிய வெற்றி. 1984இல் உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் வந்த இந்த ஆய்வைப் பின்னர் உலகமே எடுத்தாண்டது. ஆனால் வந்தவர்கள் எத்தனை பேர்? 660. மீதிப் பேர் வரவில்லை. நோவில்லாத வெள்ளைப் புள்ளிக்காக ஒரு நாள் பேரை, அதாவது அன்றைய சம்பளத்தை, இழந்து, பஸ்ஸுக்குக் காசு தேடி, சிங்களம் மட்டும் பேசும் கவுன்டரின் முன் நிற்க யார்தான் போவார்கள்? வராத அந்த 560 பேரை யாரும் ஆய்வு செய்து கலாநிதிப் பட்டம் வாங்கியதாக எனக்குத் தெரியவில்லை. மேலணியைப் படிக்கிறவர்களுக்கு அது தங்கள் துறைக்கு வெளியே இருப்பது போலத் தோன்றும். திருவனந்தபுரத்தில் 1996இல் தொடங்கிய பெரிய பரிசோதனைத் திட்டம், வீடு வீடாகப் போய் வாய் பார்த்தால் புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப்புற்றுச் சாவு நூற்றுக்கு 34 குறையும் என்று 2005இல் காட்டியது. ஒரு டோர்ச் விளக்கும் பயிற்சி பெற்ற கண்ணும் செய்த வேலை. நம் ஆய்வுகூடங்களில் கண்ட எந்த மூலக்கூறும் இதுவரை அவ்வளவு உயிரைக் காத்ததில்லை. உங்களைச் சோர்வடையச் செய்ய இதைச் சொல்லவில்லை, அளவுகோலைக் காட்டுகிறேன்.

சட்டத்தைப் பற்றி இரண்டு வரி. புகையிலையும் பாக்கும் கலந்து பொட்டலத்தில் அடைத்த மெல்லும் பொருட்களின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனையை அரசு 2016இல் வர்த்தமானி மூலம் தடுத்தது. நல்ல காரியம். சந்தியில் பலகையில் வெற்றிலை அடுக்கி, பாக்கு, சுண்ணாம்பு, பொயிலையைத் தனித்தனியாக வைத்து விற்கிற கடைக்கு அதனால் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. அப்படிக் கலந்து அடைத்த பாபுல் பொட்டலத்தை இன்றும் கேட்டால் கிடைக்கும் இடங்களை நான் சொல்ல வேண்டியதில்லை.

பாக்கை நிறுத்தினால் என்ன ஆகும் என்று பின்வரிசையில் ஒரு தங்கை சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். நல்ல கேள்வி. வெள்ளைப் படலம் சில பேருக்கு நிறுத்தியதும் மங்கி மறைந்துவிடுகிறது. எரிச்சல் குறையும். ஆனால் இறுகிய நார் தானாக இளகுவதில்லை. திறக்காத வாய் பெரும்பாலும் திறக்காமலே இருக்கும், வாய்ப் பயிற்சியும் ஊசியும் சிலருக்குச் சத்திரசிகிச்சையும் கொஞ்சம் உதவும். புற்று ஆபத்தும் உடனே பூச்சியமாகிவிடாது. இருந்தும் நிறுத்த வேண்டும், ஐயமே வேண்டாம். ஏவல் நின்ற பிறகும் நார் ஏன் கலைவதில்லை என்பது இந்தத் துறையின் தீராத கேள்விகளில் ஒன்று. மேலணி அந்த இன்டெக்ரின் கையை மடக்கிக்கொள்கிறதா, நீட்டியபடியே இருக்கிறதா? நிறுத்தி ஒரு வருடம், ஐந்து வருடம் ஆனவர்களின் கன்னத்தை ஒப்பிட்டால் விடை கிடைக்கலாம். அதற்கு நிறுத்தியவர்கள் வேண்டும். அவர்கள் ஐரோப்பாவில் இல்லை. இங்கேதான், பலாங்கொடையிலும் இறக்குவானையிலும் இருக்கிறார்கள். ஒரே லயத்தில், ஒரே கடையில் பாக்கு வாங்கி, ஒரே அளவு போடும் இரண்டு பேரில் ஒருவருக்கு வாய் இறுகுகிறது, மற்றவருக்கு ஒன்றுமில்லை. அதற்கும் விடை இங்கேதான் தேட வேண்டும். இரத்தினபுரியிலேயே மருத்துவ பீடம் வந்துவிட்ட பிறகு இதைத் தொடங்கப் பேராதனைக்கோ லண்டனுக்கோ காத்திருக்கத் தேவையில்லை.

அப்படித் தொடங்குகிறவர்கள் எப்படிக் கூட வேண்டும்? அமெரிக்காவில் கோர்டன் ஆய்வு மாநாடுகள் என்று ஒரு மரபு இருக்கிறது. 1931இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் நீல் கோர்டன் தொடங்கியது. மேலணிக் கலங்கள் வளர்ந்து முதிர்வதைப் பற்றியும் அவர்களிடம் தனி மாநாடு உண்டு. பெரிய மாநாட்டுக்கு முன்னால், வார இறுதியில், மாணவர்களும் புதிதாகப் பட்டம் வாங்கியவர்களும் மட்டும் கூடும் சிறு கருத்தரங்கை இப்போது பலதோடும் சேர்த்து வைக்கிறார்கள். அங்கே சொன்னதை வெளியே எழுதக் கூடாது, படம் பிடிக்கக் கூடாது என்பது விதி. அரைகுறை முடிவையும் தோற்றுப்போன பரிசோதனையையும் துணிந்து பேசலாம் என்பதற்காக. எனக்கு மிகவும் பிடித்த விதி இதுதான். நம் ஊரில் பேராசிரியர் முன்வரிசையில் இருந்தால் மாணவன் வாய் திறக்க மாட்டான்; அதற்குப் பாக்கு போட்டிருக்கவே தேவையில்லை. நாளை காலை இங்கே தொடங்கும் இளம் ஆய்வாளர் கருத்தரங்கில், பேச்சு நடக்கும் அரங்குக்குள் நானும் என் வயதுக்காரர்களும் வரக் கூடாது என்று கேட்டிருக்கிறேன். ஏற்றுக்கொண்டதற்கு நன்றி.

அதில் ஒரு மாற்றம் மட்டும் செய்யச் சொன்னேன். கோர்டன் மாநாடு மலைச்சாரல் விடுதியில் நடந்தால் காட்சியைப் பார்த்துக்கொண்டே கலத்தைப் பற்றிப் பேசுவார்கள். நமக்கு மலைச்சாரலில் ஆள் நிற்கிறார். முதல் நாள் முற்பகல் அரங்கில் அமர வேண்டாம், தோட்டத்துக்குப் போவோம் என்றேன். சும்மா வேடிக்கை பார்க்க இல்லை. தோட்ட நிர்வாகத்திடமும் தொழிற்சங்கத் தலைவர்களிடமும் முன்கூட்டியே பேசி, பிள்ளைக்காம்பராவுக்குப் பக்கத்தில் வாய் பார்க்கும் முகாம் ஒன்றை ஏற்பாடு செய்திருக்கிறோம். வருகிறவர்களுக்கு அன்றைய பேர் விழும் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பல் வைத்தியர்கள் பார்ப்பார்கள். நீங்கள் பக்கத்தில் இருந்து கேள்வி கேட்டு எழுதுங்கள். தமிழ் தெரியாத நண்பர்கள் தெரிந்தவரோடு இரட்டையாக உட்காருங்கள். திசு யாரும் எடுக்கக் கூடாது. நாளை கண்ணும் காதும் மட்டும். ஐயமான வாய்களுக்கு இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் நாள் குறித்துக் கொடுப்போம், அந்த நாளில் வாகனமும் வரும். வராதவர் யார், ஏன் என்பதை எழுதிவைக்கும் பொறுப்பு உங்களில் இருவருக்கு. யார் என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள்.

வாகனம் காலை 5.30க்கு இங்கிருந்து புறப்படும். பிரட்டு முடிந்து மலைக்குப் போவதற்குள் நாம் அங்கே இருக்க வேண்டும். வழுக்காத செருப்புப் போடுங்கள், நேற்று மழை. அட்டைக்குச் சவர்க்காரம் தடவிக்கொள்ளுங்கள். சாப்பாடு தோட்டத்திலேயே, சம்பலோடு ரொட்டி. யார் சம்பலைத் தொடாமல் தேத்தண்ணியில் நனைத்துச் சாப்பிடுகிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள், அவர்கள் வாயை முதலில் பார்ப்போம். கேள்விகள் இருந்தால் இப்போது கேட்கலாம்.